சீட்டுக்குப் பதில் கை

தலைமன்னார்க் கரையில், கரையில் நின்று பலர் சேர்ந்திழுக்கும் கரைவலையை வளைக்க வாய்ப்பான இடம் ஒன்றுதான். வலைகளோ நான்கு: மூன்று சந்தியோகுவுடையவை, ஒன்று புருசனை இழந்த மார்த்தாவுடையது. எந்த வலைக்கு எந்த மாதம் என்பதைக் கண் தெரியாத யாகப்பர் சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார். சீட்டு சந்தியோகுவுக்குப் பயந்ததுமில்லை, மார்த்தாவுக்கு இரங்கியதுமில்லை.

சண்டை முடிந்த மூன்றாம் வருடம், வெளிநாட்டுக் காசில் சனநாயகம் வளர்க்கும் திட்டமொன்று வெள்ளை ஜீப்பில் வந்திறங்கியது. இணைப்பாளர் நவரத்தினம் மூன்று நாள் செயலமர்வு வைத்தார். ரோல்ஸும் கேக்கும் தாராளம்.

"சீட்டோ? இதென்ன லொத்தரோ?" என்று சிரித்தார் அவர். "மக்களெல்லோ முடிவெடுக்க வேணும்."

"யாகப்பர் எடுக்கிறதில ஒரு பிழையும் வரேல்லையே தம்பி" என்றாள் மார்த்தா.

"அவருக்கு ஆரம்மா வாக்குப் போட்டது?"

சபை சிரித்தது. யாகப்பரும் சிரித்தார்.

வலை இழுப்பவர்களுக்கும் இனி வாக்கு உண்டு என்றதும் முதலில் கைதட்டியவள் மார்த்தாதான். நியாயந்தானே என்று நினைத்தாள். சந்தியோகுவின் வலைகளை இழுப்பவர்கள் அறுபது பேர், தன் வலைக்கு இருபதே பேர் என்பது கைகள் உயர்ந்தபோதுதான் உறைத்தது. முதல் மூன்று மாதங்களும் அவனுக்கு. சோளகக் காற்று எழும்பிக் கடல் கலங்கும் மாதம் அவளுக்கு.

"இது அநியாயம்!" என்று எழுந்தாள்.

"பெரும்பான்மையின்ர தீர்மானம் அம்மா. ஏற்கத்தான் வேணும்."

"பெரும்பான்மை எண்டால் என்னெண்டு எங்களுக்குப் படிப்பிக்கவோ தம்பி, ஜீப் பிடிச்சு வந்தனீங்கள்?"

நவரத்தினத்தின் முகம் மலர்ந்தது. 'பொதுவில் துணிந்து பேசிய பெண்கள்' என்ற கட்டம் அறிக்கையில் அதுவரை வெறுமையாகக் கிடந்தது. அதில் ஒன்று என்று எழுதினார். பதாகைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் படமும் எடுத்தார்.

மாலையில் மார்த்தாவின் வீட்டுக்கு வலன்ரைன் வந்தான். பதினொரு வருடமாக அவளுடைய வலையை இழுப்பவன். அவளுடைய வலையை இழுக்கும் மற்றவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள்.

"அக்கா, சோளகம் வரைக்கும் என்னத்தைத் தின்னுறது? நாங்கள் சந்தியோகு அண்ணையிட்டப் போறம்."

"நீயும் அவனுக்குத்தான் கை தூக்கினனியோ?"

"ஓம். எப்பிடியும் அவையள்தானே வெல்லப்போகினம்."

"ஆரும் வெருட்டினவையோ?"

"இல்லையக்கா. ஒருத்தரும் வெருட்டேல்லை."

அவள் முற்றத்தில் கிடந்த வலையைப் பார்த்தாள்.

"அப்ப சரி" என்றாள். "போக முன்னம் எல்லாருமாச் சேர்ந்து வலையைத் தூக்கி உள்ளுக்கு வைச்சிட்டுப் போங்கோ. என்னால தனியத் தூக்கேலாது."