கோட்டு மாற்றிக்கொண்டவர்கள்

தம்பியின் விமானத்தில் உயிர் பிழைத்தவன் ரேடியோக்காரன் ஒருவன்தான். போர் முடிந்தபின் ஒரு நாள் காலை, ஊன்றுகோலோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அம்மா சமையலறையில் இருந்தாள்.

தம்பி குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதியில் துப்பாக்கியோடு உட்காருகிறவன். ஆள் குள்ளம் என்று அந்தப் பொந்துக்குள் அவனைத் திணித்தார்கள். "வீட்லயும் வாலு, அங்கயும் வாலு" என்று சொல்லிச் சிரிப்பான். மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. படுபாவிகள், சீல் வைத்த பெட்டியில் அவன் உடலை அனுப்பினார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. கோட்டின் உள்பக்கம் தைத்திருந்த பெயரை வைத்து அடையாளம் கண்டார்களாம். அந்தப் பெயரைத் தைத்தது நான்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. வாரம் தவறாமல் போய்க் கல்லறையைக் கழுவி, அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு வருவாள். அந்தத் தெம்பில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள்.

ரேடியோக்காரன் நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எங்களுக்குள்ள ஒரு பழக்கம். சண்டை போட்ட ரெண்டு பேரும் விமானத்துல ஏறுறதுக்கு முன்னாடி கோட்டை மாத்திப் போட்டுக்கணும். கோபத்தோட மேல போகக் கூடாதுன்னு. அன்னைக்கு உங்க தம்பியும் குண்டு போடுறவனும் ஒரு சோப்புக்காக அடிச்சுக்கிட்டாங்க."

"அப்ப இங்க கல்லறையில படுத்திருக்கிறது?"

"அவன்தான்." குரலைத் தாழ்த்தினான். "வால் நடுவானத்துலயே வெடிச்சுச் சிதறிடுச்சுக்கா. நான் பார்த்தேன். உங்க தம்பி உடம்புன்னு எதுவும் மிஞ்சியிருக்காது."

"வாயை மூடிக்கிட்டுப் போயிடுங்க தம்பி. அம்மா தாங்க மாட்டா."

"குண்டு போடுறவனோட அம்மாவுக்குக் காணவில்லைன்னுதான் தகவல் போயிருக்கு. வந்துடுவான்னு இன்னும் கதவைத் தாழ்ப்பாள் போடாம படுக்கிறாங்க."

"படுக்கட்டுமே!" என்று கத்திவிட்டேன். எனக்கு என் அம்மாதான் பெரிது.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். கோட்டு மாறிய கதையை அவளே கேட்டு வாங்கினாள். வால் சிதறியதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா அழவில்லை. "பெத்தவகிட்ட பிள்ளையைக் கொடுத்துடணும்" என்றாள்.

மனுப் போட்டோம். தோண்டி, பல்லைப் பார்த்து, குண்டு போடுகிறவன்தான் என்று உறுதி செய்தார்கள். அவனுடைய அம்மா வந்தாள், வற்றிப்போன உடம்பு. பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "இத்தனை நாளா இவனை யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான். பேச்சுத் துணைக்கு நல்ல பிள்ளை. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றாள் அம்மா. வந்தவள் அழுகையும் சிரிப்புமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் அந்தக் குழியை மூடினார்கள்.

அன்று படுக்கும் முன் கதவருகே போனேன்.

"தாழ்ப்பாள் போடாதடி" என்றாள் அம்மா, பாயில் படுத்தபடியே. "இப்ப நம்ம பிள்ளையைத்தானே காணோம்."

ரேடியோக்காரன் சொன்னது என் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டுக் கதவை வெறுமனே சாத்தினேன்.