நடை மட்டும்

சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெலிதா குதிரையின் சேணவாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் சேணம். அதன்மேல் அவருடைய ஆட்டுத்தோலையும் விரித்தாயிற்று. ஏறப்போவது யாரும் இல்லை. செத்தவனின் குதிரை சேணத்தோடு அவன் பின்னால் வர வேண்டும், அவ்வளவுதான். வராவிட்டால் எங்கள் பக்கத்தில் "நடந்தே போயிட்டான்" என்பார்கள். மாடு மேய்த்தவனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது.

முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்த அவள் அப்பா அப்பாரிசியோ எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு என்றார்கள். அவருக்கு நல்ல சாவாகவே இருக்கட்டும். கால் ஆறிக்கொண்டிருந்த குதிரைக்குத்தான் அது பாதி வழியில் வந்த சாவு.

போன கோடையில் அந்தக் குதிரை, சோர்சால், ஏதோ ஒரு வளைக்குள் முன்னங்காலை விட்டு நரம்பைக் கிழித்துக்கொண்டது. இறைச்சிக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரனிடம் கொடுத்துவிடச் சொன்னவர்களில் மகன் வில்மாரும் ஒருவன். கிழவர் கேட்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் நிறுத்திவைத்தார். பிறகு தினமும் காலையில் கயிற்றைப் பிடித்துக் கல் ரோட்டில் மாதா கோயில்வரை கூட்டிப்போனார். நடை மட்டும். ஓட்டம் கிடையாது. அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அந்த வேலை நெலிதாவிடம் வந்தது. "அது ஓடறேன்னு கெஞ்சும். நீ காது கேக்காதவ மாதிரி இருந்துக்கோ" என்பார்.

வில்மார் தன் குதிரைமேல் இருந்தபடியே கூப்பிட்டான்.

"வா நெலி. பள்ளத்து வழியாத்தான் போறோம். அவர் மேய்ச்ச மாட்டையெல்லாம் ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்."

"ராத்திரி பெஞ்ச மழையில அங்க முழங்கால் சேறுண்ணே. இவன் வரமாட்டான்."

"சேறுன்னா மெத்துன்னுதானே இருக்கும்? புண்ணு காலுக்கு நல்லதுதானே?"

எங்கள் ஊரில் பாதிக் குதிரைகள் இந்தப் பாசத்தால்தான் லாரி ஏறின.

"மெத்துன்னு இருந்தா கால் புதையும். புதைஞ்ச காலைப் பிடுங்கும்போது நரம்பு திரும்பக் கிழியும். அதுக்கப்புறம் லாரிதான்."

"அப்போ அப்பா நடந்தே போகட்டும்கறே."

"நாங்க கல் ரோட்டுல சுத்தி வரோம். கல்லறை வாசல்ல அவர் பின்னாடி சேந்துக்குவோம்."

"வானத்தைப் பாத்தியா? அது உனக்காகக் காத்திருக்குமா?"

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் பகுந்தெஸ் தன் குதிரையைத் திருப்பிக்கொண்டே, "அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. குரங்குப் பிடி" என்றார். வண்டி பள்ளத்துப் பக்கம் இறங்கியது. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

பாதி ரோட்டிலேயே தூறல் பிடித்துவிட்டது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் கீழே கல்லறைத் தோட்டம் தெரிந்தது. வண்டி முன்னாலேயே வந்திருந்தது. ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். மழை வலுப்பதற்குள் முடித்துவிடப் பார்க்கிறார்கள் என்பது அங்கிருந்தே புரிந்தது. வில்மார் இரண்டு கையையும் வீசி அவளைக் கூப்பிட்டான்.

அங்கே நின்ற குதிரைகள் கனைத்தன. சோர்சால் தலையைத் தூக்கிப் பதிலுக்குக் கனைத்துப் பக்கவாட்டில் துள்ளியது. ஏறி உட்கார்ந்து ஓடவிட்டால் போதும், பெட்டி இறங்குவதற்குள் போய்விடலாம். மாதக்கணக்கில் ஆறிய கால், ஒரே ஒரு ஓட்டத்தைத் தாங்காதா? தாங்கினாலும் தாங்கும். அதுதான் அவளைப் படுத்தியது. அப்பாவைப் பக்கத்தில் நின்று வழியனுப்ப வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"மெதுவா ராசா, மெதுவா" என்று அழுதுகொண்டே நடந்தாள். கயிற்றில் பெட்டி இறங்குவதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தாள்.

போய்ச் சேர்ந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள். பகுந்தெஸ் தாங்காமல், "கொஞ்சம் ஓட்டிட்டு வந்திருந்தா ஒரு பிடி மண்ணாவது போட்டிருக்கலாமேம்மா" என்றார். நெலிதா குதிரையை மண்மேட்டின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். அது குனிந்து, ஓரத்தில் இருந்த ஈரப்புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

வில்மார் இறுகிய முகத்தோடு வந்தான். திட்டப்போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் கைச்சேற்றைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, குதிரையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முழங்காலிலிருந்து குளம்புவரை விரல்களால் தடவினான். நடுவில் ஓர் இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தான்.

"சூடு இல்ல" என்றான் கடைசியில். "வீக்கமும் இல்ல."

"ம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நடைதான்."

அவன் எழுந்து, தன் குதிரையின் கடிவாளத்தைப் பகுந்தெஸிடம் நீட்டினான். "இதை வீட்டுல விட்டுடுங்க பெரியவரே." பிறகு நெலிதாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கக் கல் ரோட்டில் நடக்க ஆரம்பித்தான். அவள் மறுபக்கமாகச் சேர்ந்து நடந்தாள். சவாரிக்குப் போடும் குதியுயர்ந்த பூட்ஸ், நடப்பதற்கு ஆனதல்ல. மேடு ஏறும்போது நொண்டியது அவன்தான்.