புடவைப் படத்திலிருந்த பெண்

தேநீர்த் தட்டோடு வந்து நின்ற சாதனாவை விஜயலக்ஷ்மி ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளைத் தாண்டி உள்ளறை வாசலைப் பார்த்தாள்.

"பொண்ணு எங்கங்க?" என்றாள்.

அப்பா செல்வராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இவதாங்க சாதனா."

"இல்லைங்க, படத்துல இருந்த பொண்ணு. மஞ்சள் புடவை கட்டி நின்னுச்சே, அது."

"அதுவும் இவதான்," என்றாள் அம்மா பாகீரதி அவசரமாக. "வெயில்ல எடுத்த படம். அதனால கொஞ்சம் பளிச்சுனு தெரியும்."

விஜயலக்ஷ்மி கைப்பையை எடுத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்த மகன் உத்தமன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வீடு சேர சால்ட் லேக் வரை போகவேண்டும், நேரமானால் இந்தக் கார்டன் ரீச் பக்கம் டாக்சி கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்கள். வைத்த சந்தேஷ் இனிப்பை யாரும் தொடவில்லை.

கதவு சாத்தியதும் சாதனா கேட்டாள். "எந்தப் படம்மா?"

"புடவைப் படம்தான். அத விடு."

சாந்திப்பூரிலிருந்து கைத்தறிப் புடவைகளை வாங்கி வந்து இணையத்தில் ஏலத்துக்கு விடும் வியாபாரத்தை அம்மா தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாதனா ஒவ்வொரு புடவையாகக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நிற்பாள். கீழ்வீட்டு பிரிட்டோ படம் எடுப்பான். செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுக் கடைகளுக்காகச் செருப்பு, கடிகாரப் படங்களின் பின்னணியை வெட்டி வெள்ளையாக்குவதுதான் அவனுக்கு வேலை. புடவைப் படங்களையும் அவனே சரிசெய்து தளத்தில் ஏற்றிவிடுவான். சாதனா வீட்டில் இணையம் கிடையாது. பள்ளிக்கூட டீச்சரான அவளுக்கு, விடைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவே இது வாராவாரம் ஒரு தொல்லை. படங்களைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. விஜயலக்ஷ்மி அந்தத் தளத்தில் புடவை வாங்கியவள். விற்கிறவர்களும் தன்னைப்போல் இங்கே குடியேறிய தமிழர்கள் என்று தெரிந்ததும், கட்டியிருக்கும் பெண் யார் என்று போனில் விசாரித்திருக்கிறாள். அப்படி வந்த வரன்தான் இது.

சாதனா பட்டுப்புடவையோடே படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனாள்.

"பிரிட்டோ, என் படத்தக் காட்டு."

அவன் முகம் மாறியது. "எதுக்கு இப்ப? நாளைக்குக் காட்டறேன்..."

"இப்பவே காட்டு."

திரையில் மஞ்சள் புடவை திறந்தது. மூக்கு அவளுடையது. நிற்கும் விதமும் அவளுடையது. நிறம் மட்டும் யாருடையதோ. கழுத்து, கை, இடுப்பு எல்லாம் பால்கோவா நிறத்தில் வழவழவென்றிருந்தன. கன்னத்தில் லேசாக ரோஜாச் சாயம் வேறு. அடுத்த படத்தைத் திறக்கச் சொன்னாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"யாரக் கேட்டு செஞ்ச?"

"ஆன்ட்டிதான் சொன்னாங்க. உனக்குத் தெரியும்னு நெனச்சேன், சத்தியமா. முதல்ல சும்மா கொஞ்சம் லைட்டாதான் பண்ணேன். இன்னும், இன்னும்னு அவங்கதான்..."

"பக்கத்துல உக்காந்து சொன்னாங்களா?"

பிரிட்டோ தலையாட்டினான்.

 வந்தவர்களாவது அந்நியர்கள். பெற்ற அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகள் தோலைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரிஜினல் இருக்கா?"

"எல்லாம் இருக்கு."

"அதையே ஏத்து. ஒண்ணு விடாம."

பாதி வேலை நடக்கும்போது அம்மா வந்துவிட்டாள். திரையைப் பார்த்ததும் பதறினாள். "ஐயோ, பூஜைப் பண்டிகை நேரத்துல வியாபாரத்தக் கெடுக்காதடி!"

"புடவைய விக்கறியா, இல்ல என்னை விக்கறியா?"

"வாய அடக்கு. கரியாஹாட்ல போய்ப் பாரு. எல்லாக் கடையிலயும் வெளுத்த பொம்மைக்குத்தான் கட்டி நிறுத்தியிருக்கான். நான் என்ன புதுசா பண்ணிட்டேன்?"

"பொம்மைக்கு அம்மா கிடையாது. எனக்கு இருக்கு!"

 பிரிட்டோ எழுந்து வெளியே போகப் பார்த்தான். "நீ உக்காரு," என்றாள் சாதனா. கடைசிப் படம் ஏறும்வரை அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

 அடுத்த வாரம் கரியாஹாட்டிலிருந்து ஒரு பொம்மையே டாக்சியில் வந்திறங்கியது. இளஞ்சிவப்பு உடம்பு, நீலக் கண்கள். அது கட்டிய புடவைகள் அந்தப் பூஜைக்கு நன்றாகவே விற்றன. சாதனாவின் படம் இருந்த புடவைகளும் மெதுவாக விற்றுப் போயின. கறுப்பு என்று யாரும் குறை எழுதவில்லை. அப்படியென்றால் இத்தனையும் எதற்கு என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. தட்டை நகர்த்துவதில்கூட அந்த ஆத்திரம் தெரிந்தது. அப்பா நடுவில் வந்து, "அம்மாதானேடா, விட்டுடு," என்றபோது, "நீங்க அன்னிக்கி வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள். அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

குளிர் தொடங்கிய ஒரு ஞாயிறு, அம்மா கருநீலப் புடவை ஒன்றோடு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"பொம்மைக்கு இது எடுபடல. நீ கட்டினா நல்லாருக்கும்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு படம்டி. தோல் நிறத்துல கைய வைக்கச் சொல்ல மாட்டேன்."

"உனக்கும் என் கலர்தானே? நீயே கட்டிக்க. நான் எடுக்கறேன்."

 அம்மா திட்டப்போகிறாள் என்று சாதனா காத்திருந்தாள். ஆனால் அம்மா உள்ளே போய்ப் புடவையைக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றதும் அவள் கைகள் தாமாகவே முந்தானைக்குள் போய் ஒளிந்தன.

"கைய வெளிய எடு," என்றாள் சாதனா. குரலில் கோபம் அப்படியே இருந்தது.

அம்மா கைகளை வெளியே எடுத்துத் தொங்கவிட்டாள். அவை எங்கே இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நிமிர்ந்து என்னைப் பாரு."

அம்மா பார்த்தாள். சாதனா படம் எடுத்தாள்.