பிறவாத நீக்கிலாப்பிள்ளையின் செத்தவீடு

நீக்கிலாப்பிள்ளை என்று ஒருவர் ஒருநாளும் பிறக்கவில்லை. ஆனாலும் போன வருஷம் ஆவணி மாதம் உடுவிலில் நடந்த அவருடைய செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குப் பந்தல் காணாமல் றோட்டிலும் கதிரை போட வேண்டி வந்தது. வெய்யில் கடுமை. கதிரை வாடகைக்குக் கொடுப்பவர் இரண்டாம் முறையும் லொறியை அனுப்பினார். பால் விடாத பிளேன்ரீக்குச் சீனி முடிந்துபோய்ப் பக்கத்து வீடுகளில் வாங்கினார்கள். நீக்கிலாப்பிள்ளை வெள்ளைச் சேட்டோடு, புருவத்தில் உப்புப் படிந்தபடி, பெட்டிக்குள் கிடந்தார்.

பெட்டி வைக்கப்பட்டது ஜெனிற்றாவின் வீட்டு விறாந்தையில். இவள் காலஞ்சென்ற நதானியேல் தலைமை ஆசிரியரின் கடைசி மகள், நாற்பது கடந்தவள், கலியாணம் கட்டவில்லை. தாய் நவமணி படுக்கையில் கிடந்த வருஷங்கள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள்தான். தாயும் போனபிறகு வீட்டில் மிஞ்சியது எட்டுப் பேர் இருந்து சாப்பிடக்கூடிய பெரிய மேசையும் அதன் ஒரு மூலையில் தனியே இருந்து சாப்பிடும் ஜெனிற்றாவும். உடுவில் சனம் அவளைக் கண்ட இடமெல்லாம் இனி என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது. கனடாவுக்குப் போகச் சொன்னார்கள், கோழி வளர்க்கச் சொன்னார்கள், பாடகர் குழுவில் சேரச் சொன்னார்கள். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. அவளும் தன்னைக் கேட்டுப் பார்த்ததில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் லொறி ஓட்டும் தமையன் றோகான் ஒருமுறை சவர்க்காரமும் சொக்லேற்றும் அனுப்பிய பெட்டிக்குள், தன் மகன் விளையாடி அலுத்த சாமான் சிலவற்றையும் இடம் நிரப்பப் போட்டிருந்தார். அதில் ஒரு தடித்த புத்தகமும் இருபது முகமுள்ள பகடை ஒன்றும் இருந்தன. ஜெனிற்றா அந்தப் புத்தகத்தை வேதப்புத்தகம் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். விளையாட்டு இவ்வளவுதான்: ஒருத்தர் ஒரு உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு மனிதராகித் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். பகடை என்பது சிலுவையடியில் சேவகர்கள் இயேசுவின் உடுப்புக்குச் சீட்டுப்போட்ட பாவத்தின் மிச்சம் என்று சொல்லி, சீட்டுக்கட்டைக்கூட வாசல்படி ஏறவிடாத மனிதர் நதானியேல். அவர் குடும்ப ஜெபம் நடத்திய அதே மேசையில் மகள் ஒரு வியாழக்கிழமை பின்நேரம் பகடையை வைத்தாள். சுவரில் மாலை போட்ட அவருடைய படம் சற்றே சரிந்தது. அவள் எழும்பிப்போய் நிமிர்த்திவிட்டு வந்தாள்.

முதலில் சேர்ந்தவர் உரும்பிராய் ஏரம்பு. அறுபது தாண்டிய தோட்டக்காரர், வீட்டுக்கு வெங்காயம் கொண்டுவந்து கொடுப்பவர். இதென்ன பிள்ளை என்று பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர், ஜெனிற்றா விளக்கி முடித்ததும் சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்து இருந்துவிட்டார். பிறகு தையற்கடைச் சுபாஜினி வந்தாள். சுபாஜினியை ஏற்றிப்போக வந்த ஓட்டோக்கார ஜெறோம், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்து, நானெண்டால் அந்தக் கதவை உடைச்சிருப்பன் என்று வாயை விட்டதால் அவனும் உள்ளே இழுக்கப்பட்டான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை; கொஞ்சக் காலம் கதைத்தார்கள், பிறகு அந்தக் கூட்டத்துக்கு மேசை என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

மேசை தொடங்கிய சில மாதத்தில் ஜெனிற்றா மூடுபனி என்று சொல்ல, சாப்பாட்டறையில் பனி இறங்கியது. அடுத்த வருஷம் காட்டுப்பன்றி ஒன்று குசினிக்குள்ளால் ஓடிப்போனது. அதன்பிறகு கடல் வந்தது. உடுவிலில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைக் காணச் சைக்கிளில் வேர்த்து ஒழுகப் போகவேண்டும். ஆனாலும் வள்ளம் துறையை விட்டு வெளிக்கிடுகிறது என்று அவள் சொன்ன வியாழக்கிழமை, அலுமாரிக்குக் கீழாலிருந்து உப்புத்தண்ணீர் வந்து முழங்கால் மட்டும் நின்று, தேத்தண்ணி நேரத்துக்கு வற்றியது. பக்கத்து வீட்டுச் சின்னாச்சி யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, வேலியடியில் குந்திவிட்டாள். அடுத்த கிழமை பனையோலைக் கடகத்தோடு வந்து, தரையில் காய்ந்து கிடந்த உப்பை அள்ளிக்கொண்டு போனாள். மாங்காய் ஊறுகாய்க்கு நல்ல உப்பு என்று பேர் எடுத்தது.

ஜெனிற்றாவுக்கோ கடலைவிட அந்த மூன்று பேரும்தான் அதிசயமாக இருந்தார்கள். கிழமை முழுக்க யோசித்து ஒரு கோட்டை கட்டுவாள், அதற்கு ஒரு வாசல் வைப்பாள், வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்துவாள். வியாழக்கிழமை வந்தால் அவர்கள் கோட்டையைத் திரும்பியும் பாராமல், காவல்காரனின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வெளிக்கிட்டுவிடுவார்கள். அவள் என்ன செய்யப் போறியள் என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பாள். அந்தக் காத்திருக்கிற நேரத்தில்தான் தான் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. வருஷக்கணக்காக மருந்து நேரம் மட்டும் பார்த்த மனுஷி வியாழக்கிழமைக்காகச் சந்தோஷத்தோடு விடிய எழும்பினாள்.

நீக்கிலாப்பிள்ளை விளையாட்டில் ஏரம்பு எடுத்த ஆள். வெங்காயப் பாத்தியைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைத்திராத சைவக்காரர், வல்வெட்டித்துறையில் பிறந்த வேதக்காரத் தண்டயல் ஒருவராகி, வள்ளத்துக்குத் தலைவராய் நின்று கடலோடினார். அந்தப் பெயர் குருநகர்ப் பக்கத்துக்கல்லவோ பொருந்தும் என்று ஜெனிற்றா சொன்னபோது, என்ரை ஆள் நான் சொல்லுற இடத்திலைதான் பிறப்பார் என்றுவிட்டார். மூன்று வருஷம் நீக்கிலாப்பிள்ளை புயலில் போனார், சுறாவோடு மல்லுக்கட்டினார், ஒருவருக்கும் பொய் சொல்லவில்லை. பொன்னாலைக் கடற்கரையில் ஒருநாள் ஏரம்பு தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்று மாறும் என்று சொல்ல, மீனவர்கள் வலையைச் சுருட்டினார்கள்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, புயலுக்குள் ஜெறோமின் ஆள் கடலில் விழுந்தான். அவனை எடுக்க நீக்கிலாப்பிள்ளை வள்ளத்தைத் திருப்பினார். ஏரம்பு பகடையை உருட்ட, ஒன்று விழுந்தது. அந்த விளையாட்டில் ஒன்றுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒருத்தரும் பாக்கேல்லை, திரும்ப உருட்டட்டும் என்று சுபாஜினி கெஞ்சினாள். ஜெனிற்றாவுக்கும் அந்த மனிதரில் உயிர். ஆனால் விழுந்த இலக்கத்தை ஒருமுறை புரட்டினால் பிறகு வியாழக்கிழமை முழுக்கப் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"விழுந்தது விழுந்ததுதான், ஏரம்பண்ணை," என்றாள்.

தண்ணீர் அன்று மேசை மட்டும் ஏறி இறங்கியது. ஏரம்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வீட்டில் சோற்றைத் தொடவில்லை. பெண்சாதி என்ன என்று கேட்க, நீக்கிலாப்பிள்ளை செத்துப்போனார் என்றார். அவள் உடனே அடுப்பை அணைத்துவிட்டு, எப்ப எடுக்கிறது என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு சாவைக் கேள்விப்பட்டால் செத்தது ஆர் என்று துருவுவது மரியாதையில்லை. பிரேதம் எப்போது எடுப்பது என்று கேட்பதுதான் முறை. ஏரம்பும் முறை தெரிந்த மனிதர். மூன்று வருஷம் கூட இருந்தவருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலிகூட இல்லாமல் விடுவதா என்று நினைத்து, விடிய எழும்பிப் பனர் அடிக்கிற கடைக்குப் போனார். கடைக்காரனும் எப்ப எடுக்கிறது என்று மட்டும் கேட்டான். படம் இல்லாததால் ஒரு வள்ளத்தைப் போட்டான். உயிர் போன இடம் என்று ஏரம்பு ஜெனிற்றாவின் விலாசத்தைக் கொடுத்தார்.

சந்தியில் பனர் ஏறிய கொஞ்ச நேரத்தில் கதிரைகள் வந்தன. பாஸ்ரர் வந்தார், வல்வெட்டித்துறையிலிருந்து சுவாமியார் வந்தார், உரும்பிராயிலிருந்து தேவாரம் பாடுகிறவரும் வந்தார். வீடு கூட்டிக்கொண்டிருந்த ஜெனிற்றா தும்புத்தடியோடு நின்றபடி நின்றாள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் ஆளைக் கடித்த கதையாக, பனியும் கடலுமாக வந்தது கடைசியில் ஒரு பெட்டியோடு படியேறியது. பெட்டிக்காரர்கள் அதை இறக்கி, மூடியைத் திறந்துவிட்டு, ஆர் சொல்லிக் கொண்டுவந்தோம் என்று தங்களுக்குள்ளே கேட்டுக்கொண்டார்கள். ஊர்ப் பதிவு பார்க்கும் விதானையார் பிரேதத்தைப் பார்த்து, செத்தவர் என்றால் பிறந்துதானே இருக்கவேண்டும் என்று யோசித்து, மரணத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஜெனிற்றா கிட்டப் போய்ப் பார்த்தாள். இடது கையில் சின்னி விரல் இல்லை. அந்த விரலை முந்தின வருஷம் ஒரு சுறா எடுத்தது. சுறாவை அனுப்பியவள் அவள். பணிஸ் ஒன்றைப் பிய்த்துத் தின்றபடி, ஒரு வசனத்தில் அதைச் செய்திருந்தாள். இப்போது அந்தக் காயம் ஆறித் தழும்பாகிக் கண்ணுக்கு முன்னால் கிடந்தது.

"நான் ஒரு மனிசனைக் கொன்றுபோட்டன், சுபா," என்று சுபாஜினியின் கையைப் பிடித்தாள். ஊர் முழுக்க விறைத்துப்போய் நிற்க, வல்வெட்டித்துறை வானிலிருந்து இறங்கிய மரியநாயகி என்ற பெண் மட்டும் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, என்ரை அண்ணை என்று பெட்டியில் விழுந்து குழறினாள். வல்வெட்டித்துறைக்காரர்தான் அவரைக் கொண்டுபோய்த் தங்கள் சேமக்காலையில் அடக்கினார்கள்.

அன்றைக்கே பனரின் படம் ஸ்காபரோவுக்குப் போய்விட்டது. உங்கடை வீட்டிலை ஆரோ ஆம்பிளை செத்துப்போனாராம், தங்கச்சியோடை இருந்தவரோ என்று பலசரக்குக் கடையில் வைத்து விசாரித்தார்கள். றோகான் அடுத்த கிழமை பிளேன் ஏறினார். வந்து இறங்கியவரிடம் ஜெனிற்றா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் திகைத்துப்போய்த் தலையில் கைவைத்தார். அவள் பகடையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். இனி வாயைத் திறந்தால் ஆரைக் கொல்லுவேனோ என்ற பயத்தில் கறிக்கு உப்புக் காணாது என்று சொல்லவும் யோசித்தாள். வீட்டை விற்போம், நீ என்னோடு வா என்று றோகான் முடிவெடுத்தார். அவள் தலையாட்டினாள். ஏரம்பும் மற்ற இருவரும் வியாழக்கிழமைகளில் வந்து, படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டை அடுத்து வந்த வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். காணித் தரகர் விறாந்தையில் இருந்தார். மேசைக்காரர் மூன்று பேரும் அன்றைக்குச் சாப்பிடவென்று வந்திருந்தார்கள். மரியநாயகி சோற்றுப் பானையோடு வந்து இறங்கினாள். பானையை இறக்கிவிட்டு ஜெனிற்றாவைத் தேடிக் குசினிக்குள் போனாள்.

"எனக்குக் கூடப்பிறந்த ஆம்பிளை ஆருமில்லை, தங்கச்சி. நாங்கள் அஞ்சும் பெட்டையள்," என்றாள். "என்ரை மகள் பெரியபிள்ளையாகின சாமத்தியவீட்டுக்கு மாமன் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனைக் கெஞ்சிக் கூப்பிட்டுத்தான் தேங்காய் உடைப்பிச்சது. ஊர் சிரிச்சது. அந்தப் பனரைக் கண்ட நேரம் தொட்டு எனக்கு அண்ணை இருந்தவர். இப்ப நினைச்சால் அண்டைக்குத் தேங்காய் உடைச்சது அவர்தான். வேட்டியிலை கடல் மணத்தது."

மரியநாயகி குரலைத் தாழ்த்தினாள். நீங்கள் மேசையை மூடின நாள் தொட்டு அந்த முகம் கலங்குகிறது, போன கிழமை நினைத்துப் பார்த்தால் தேங்காய் உடைக்கிறவன் திரும்பவும் பக்கத்து வீட்டுக்காரனாய் நிற்கிறான் என்றாள்.

"அவரைக் கொன்றது நான், அக்கா."

"செத்தவர் எண்டால் இருந்தவர்தானே. அதையும் பறிச்சுப் போடாதேங்கோ."

ஜெனிற்றா சாப்பாட்டறைக்குப் போய் அலுமாரியைத் திறந்தாள். ஜெனி, விசர்வேலை பாக்காதை என்று றோகான் பின்னால் வந்தார். அவள் மேசையின் தலைப்பக்கம் தன் கதிரையில் இருந்தாள். ஏரம்பு தன் கதிரையை இழுத்து மரியநாயகிக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். புயல் ஓய்ந்துவிட்டது, தண்டயல் இல்லாத வள்ளம் அலைகிறது என்று ஜெனிற்றா சொன்னாள். அலுமாரிக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது.

"என்ன செய்யப் போறியள், அக்கா?"

மரியநாயகியிடம் அதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்ணை விட்ட வள்ளத்தை நான் எடுக்கிறன்."

அவள் உருட்டினாள். பதினொன்று விழுந்தது, பெரிதுமில்லை, சிறிதுமில்லை. வள்ளம் ஓடுமளவுக்குக் காணும். கடல் வாசலைத் தாண்டி வந்து, றோகானின் சப்பாத்துக்கு மேலால் ஏறியது. தரகர் காற்சட்டையை மடித்துக்கொண்டு கதிரைக்கு மேல் ஏறினார். ஜெனிற்றா தமையனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ என்ன செய்யப் போறாய், அண்ணை?"

றோகானைப் பதினெட்டு வயதில் அனுப்பினார்கள், போனார்; லொறி ஓடச் சொன்னார்கள், பனிக்குள் ஓடினார். இப்போது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஐம்பது வயது மனிதர் சின்னப்பிள்ளைபோல் அழுதார். மேசையில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"தண்ணி இறைக்கிறன்," என்றார் கடைசியில்.

வீடு விற்கவில்லை. உடுவிலில் கடற்கரைக் காணி என்று சொல்லித் தரகர் கொஞ்ச நாள் விலை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். றோகான் ஸ்காபரோவுக்குத் திரும்பி, வியாழக்கிழமை விடிய லொறியை எடுக்க முதல் போனில் வந்து இறைக்கிறார். லொறிக்குள் கால்மிதி நனைந்து கிடப்பதாகச் சொல்கிறார். ஜெனிற்றா இப்போது ஒரு வசனம் சொல்ல முதல் சற்று யோசிக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். மரியநாயகி மத்தியான பஸ்ஸில் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸில் போகிறாள். அவளுடைய மகளின் சாமத்தியவீட்டில் தேங்காய் உடைத்தது நீக்கிலாப்பிள்ளைதான் என்று இப்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் சொல்கிறான்.