சொந்த விருப்பம்

மூச்சு விட மறந்துவிடாதே, அக்கா. நீ இழுக்கும்போது நானும் இழுக்கிறேன். நான் நிறுத்தினால் நீயும் நிறுத்திவிடுவாயோ?

அசட்டுத்தனம்தான் என்று பானுப்பிரியாவுக்குத் தெரியும். ஆனாலும் காலையிலிருந்து அவள் நெஞ்சு அக்காவின் நெஞ்சோடு சேர்ந்தேதான் ஏறி இறங்கியது. பட்டாசுக் கம்பெனியில் அக்கா நாகஜோதி வெடிமருந்து சலித்த வருஷங்களெல்லாம் நுரையீரலுக்குள் போய்ப் படிந்துவிட்டன. ஆக்சிஜனுக்கு மேல் அந்த அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்க ஒன்றுமில்லை. மூலையில் ஒரு வென்டிலேட்டர் துணி போர்த்தி நின்றது. அதை இயக்கத் தெரிந்த டாக்டரை வேறு ஊருக்கு மாற்றியவர்கள், பதிலுக்கு ஆள் போடவில்லை.

நாகஜோதி மாஸ்க்கை விலக்கினாள். “ஏண்டி இப்படிப் பாக்குற? எம் மூஞ்சில சினிமாவா ஓடுது?”

“பேசாத. மாஸ்க்கப் போடு.”

நர்ஸ் லட்சுமிகாந்தம் ஒரு தாளோடு வந்தாள். “மதுரை பெரியாஸ்பத்திரியில பெட்டு இல்லைன்னுட்டாக. பெட்டு இல்லாம நாங்க அனுப்பக் கூடாது. நீங்களாக் கூட்டிட்டுப் போறதா எழுதிக் குடுத்துருங்க. நேரா போய் நின்னா தரையிலயாவது படுக்க வைப்பாக.”

“ஆக்சிஜன் வண்டி வருமா, சிஸ்டர்?”

நர்ஸ் வேறு பக்கம் பார்த்தாள். “நாங்க அனுப்புனாத்தான் வண்டி. நீங்களாப் போனா நீங்கதான் பிடிக்கணும்.”

“வழியில ஒண்ணு ஆச்சுன்னா?”

“இங்கன வச்சு மட்டும் நான் என்னம்மா செய்ய? டூட்டி டாக்டரும் காலையில இருந்து போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்காரு.”

தாளில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று அச்சடித்திருந்தது. அக்காவோடு வேலை பார்த்த கம்பெனியில், காட்டிய இடத்திலெல்லாம் பானுப்பிரியா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். யாரும் கொடுக்காத பாதுகாப்புப் பயிற்சியைப் பெற்றுக்கொண்டதாகக்கூட. கை தானாகப் பேனாவை வாங்கிக்கொண்டது.

விருப்பம். உள்ளே தேடிப் பார்த்தாள். பயம் இருந்தது. அலுப்பு இருந்தது. எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று ஓர் எண்ணமும் அடியில் பதுங்கியிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு உடம்பு கூசியது. இதற்குத்தான் இந்தத் தாள் அப்படிப் பெயர் வைக்கிறதா?

“சீக்கிரம் போடும்மா,” என்றாள் நர்ஸ். “இருட்டுறதுக்குள்ள கிளம்பிரலாம்.”

அவள் தாளை மடிக்காமல், கசக்காமல், பேனாவோடு சேர்த்து நர்ஸின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“இல்ல சிஸ்டர். இப்படி ஒரு விருப்பம் எனக்கு இல்ல.”