பதினொன்றாம் வரிசை, இருபத்து மூன்றாம் நாற்காலி

என்னை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மைதானத்தில் கச்சேரி நடந்தால் ஸ்பீக்கர்களைத் தூக்கிக் கட்டி, எந்த மூலையில் உட்கார்ந்தவனுக்கும் பாட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முப்பதாயிரம் பேர் கத்துகிற இடத்தில் ஒரு பெட்டியில் ஒரே ஒரு திருகு தளர்ந்து அதிர்ந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். ஆமாம், பிடித்தவன்தான்.

அப்பேர்ப்பட்ட நான், என் வீட்டுக்குள்ளேயே என் மனைவிக்குக் காது போய்க்கொண்டிருந்ததை எட்டு மாதம் கவனிக்கவில்லை.

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் இருந்தாள். எந்த டாக்டர் எந்த மாடி, எந்த வார்டுக்கு எந்த நம்பர் என்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். வீட்டில் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். “செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி எத்தன தடவ கத்துறது?” என்று எரிந்து விழுவேன். இடது காது முழுசாகப் போய்விட்டது, வலதும் அதே வழியில் போகிறது, மெஷின் வைத்தாலும் இந்த வகைக்குப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, நான் கத்திய கத்தல் எல்லாம் திரும்பி வந்து என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவளோ படி இறங்கும்போதே சிரிக்கிறாள்.

“வாத்தியார் புள்ள மக்கு, சவுண்டுக்காரன் பொண்டாட்டி செவிடு. நல்ல பொருத்தம்தாங்க.”

“வாய மூடு” என்றேன். அவளைப் படியிலேயே நிறுத்திவிட்டு மறுபடி டாக்டரிடம் ஓடினேன். வலது காதுக்கு எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஆறு மாதம் இருக்கலாம், ஒரு வருஷமும் இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். ஆறு மாதம் என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அடுத்த மாசம் அந்தம்மா பாட வராங்களாமே. என்னை ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. காது இருக்கும்போதே.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நூறு கச்சேரிக்கு மேல் வேலை செய்திருப்பேன். ஒன்றுக்குக்கூட அவளைக் கூட்டிப் போனதில்லை. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் மேஜையில் இருப்பேன், கூட்டத்தில் நீ தனியாக என்ன செய்வாய் என்பேன். அடுத்த தடவை என்பேன். அவளும் அடுத்த தடவை அடுத்த தடவை என்று விட்டுக்கொடுத்தே வந்துவிட்டாள். அந்தப் பாடகி என்றால் அவளுக்கு உயிர். அதிலும் ஒரு மழைப் பாட்டு இருக்கிறது. சமையற்கட்டில் அதைத்தான் பாடுவாள். நான் கூடத்திலிருந்து, “சுருதி சேரல” என்பேன். நிறுத்திவிட்டு மறுபடி பாடி, “இப்ப சேந்துச்சா?” என்று எட்டிப் பார்ப்பாள். “இல்ல” என்பேன். சத்தத்தின் விஷயத்தில் நான் யாருக்காகவும் பொய் சொன்னவன் இல்லை. பெரிய அரிச்சந்திரன்!

கச்சேரி நாளுக்கு லீவு கேட்டேன். “உன் காது இல்லாம எப்படிப்பா?” என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். “என் காது அன்னிக்கு வேற எடத்துல இருக்கும்” என்றேன். மேஜையில் மீசையை உட்காரவைக்க ஏற்பாடாயிற்று. மீசை என்னோடு பத்து வருஷமாக வேலை செய்கிறவன். கை சுத்தம், அவசரம் கொஞ்சம் அதிகம்.

டிக்கெட் திறந்ததும் மைதானத்தின் படத்தைப் போனில் அவளிடம் காட்டினேன். அவள் விரல் நேராக மேடைக்கு முன்னால், இரும்புத் தடுப்பை ஒட்டிப் போய் நின்றது.

“இங்க நின்னா அந்தம்மா மூஞ்சி நல்லா தெரியும்ல?”

“அது கழுதைங்க நிக்கிற எடம். திம்திம்னு அதிர்ற பாஸ் பெட்டிய வரிசையா அடுக்கியிருப்போம். குடல் ஆடும், பாட்டு கேக்காது.”

“மூஞ்சி தெரியுமே.”

“மூஞ்சிய டிவியில பாத்துக்க. உனக்குன்னு ஒரு சீட்டு நான் கண்டுபிடிக்கிறேன்.”

“சரி சாமி. காது சொன்னா சரி” என்று விரலை எடுத்துக்கொண்டாள்.

அந்த விரலை நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் காலி மைதானத்துக்குப் போனேன். காவல்காரரிடம் என் போனையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கொடுத்து, மேடை வரப்போகிற இடத்தில் உட்காரச் சொன்னேன். மழைப் பாட்டைப் போடச் சொன்னேன். பிறகு என் இடது காதில் பஞ்சை அடைத்து, மேலே துணியை வைத்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியாக உட்கார ஆரம்பித்தேன். அவளுக்கு எப்படிக் கேட்குமோ அப்படி எனக்குக் கேட்க வேண்டும். நல்ல சீட்டு என்றால் எல்லோரும் நடுவில் பார்ப்பார்கள். இரண்டு காது உள்ளவனுக்கு அது சரி. வலது காது மட்டும் உள்ளவளுக்குப் பாட்டு வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கக் கூடாது. தலைக்கு மேல் கூரை இருக்கக் கூடாது.

“என்ன காதண்ணே, பல்வலியா?” என்று காவல்காரர் கீழிருந்து கத்தினார். எந்தப் பக்கமிருந்து கத்துகிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. திரும்பித் திரும்பித் தேடினேன். அப்போதுதான் புரிந்தது. ஒரு காது போனால் சத்தம் குறைவது மட்டுமில்லை, கூப்பிடுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. எட்டு மாதமாக இவள் வீட்டுக்குள் இப்படித்தான் என்னைத் தேடியிருக்கிறாள். நான் சங்கு, செவிடன் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். நல்லவேளை, காவல்காரருக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை.

மூன்று மத்தியானம் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் பதினொன்றாம் வரிசை, இருபத்து மூன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தம்மா மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுந்தது. இதுதான். எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

“அப்பாடா! இந்தப் பாட்டு இனி என் கனவுலயும் வந்துரும்ணே” என்றார் காவல்காரர்.

இருபத்து மூன்றை அவளுக்கு எடுத்தேன். இருபத்திரண்டு, அவளுடைய கேட்காத பக்கத்து நாற்காலி, எனக்கு. வலது காது முழுக்கப் பாட்டுக்கே இருக்கட்டும் என்று. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பஞ்சைக் கட்டிக்கொண்டதைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுந்து சமையற்கட்டுக்குள் போய், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

கச்சேரி சனிக்கிழமை. அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை குக்கர் ஏழெட்டு விசில் அடித்தது. அவள் பக்கத்திலேயே நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சோறு கூழாகிவிட்டது. “ஏதோ யோசனையில இருந்துட்டேங்க” என்றாள். “பேசும்போது என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க” என்றும் சொன்னாள். மேடை வேலையில் நான் தலைகால் தெரியாமல் அலைந்த வாரம். கூழைத் தின்றுவிட்டுப் போய்விட்டேன். திருகு தளர்ந்தால் கேட்கிற காதாம்!

சனிக்கிழமை சாயங்காலம் நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. அந்தம்மா மேடைக்கு வந்து முதல் பாட்டைத் தொடங்கினதும் நான் எட்டி அவள் முகத்துக்கு நேராக, “கேக்குதா?” என்றேன்.

“நல்லா கேக்குதுங்க” என்றாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீசை பிரமாதமாகச் செய்திருந்தான். இவ்வளவு சுத்தமான சத்தத்தை அந்த மைதானத்தில் நானே கேட்டதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும், “கேக்குதா? கேக்குதா?” என்று நச்சரித்தேன். அவளும் திரும்பி என் வாயைப் பார்த்து, “கேக்குதுங்க, கேக்குதுங்க” என்று சிரித்தாள். பெரிய திரையில் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தபடி மடியில் தாளம் தட்டினாள். இருபத்திரண்டு வருஷத்துக் குறையை ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிட்டேன் என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாவது பாட்டின் நடுவில் ஜனத்தைப் பார்த்த ஸ்பீக்கர் மொத்தமும் செத்துவிட்டது.

எவனோ ஒரு கேபிளை மிதித்திருக்க வேண்டும். திரை ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மேடையில் அந்தம்மாவுக்கென்று வைத்த தனிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை, பாடிக்கொண்டேயிருந்தார். முப்பதாயிரம் பேரும் ‘ஓ’வென்று கத்தினார்கள். “எவன்டா அவன், அறிவுகெட்டவன்!” என்று நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். அவளுக்குச் சமாதானம் சொல்லத் திரும்பினேன்.

அவள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவின் உதட்டோடு அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது. மடியில் கை தாளம் தட்டிக்கொண்டேயிருந்தது.

மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தம்மா பாடுவதை நிறுத்தினார். அதைப் பார்த்துத்தான் இவள் கையும் நின்றது. என்னவாம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து, முகம் துடைப்பதுபோல வாயை மறைத்துக்கொண்டு கேட்டேன்.

“வீட்டுல அடுப்ப அணைச்சியா?”

“நல்லா கேக்குதுங்க” என்றாள் அவள்.

கைக்குட்டையைக் கீழே இறக்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“எப்ப?” என்றேன்.

“செவ்வாக்கெழம காலையில. எந்திரிக்கும்போதே இல்ல.”

“ஏன்டி சொல்லல? பாவி, ஏன்டி சொல்லல?”

கத்தித்தான் கேட்டேன். முன் வரிசையில் தலைகள் திரும்பின. அவளுக்கு என் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“பஞ்ச வச்சுக் கட்டிக்கிட்டு மூணு நாள் உக்காந்து பாத்தீங்களே. அத எப்படிங்க நான் இல்லேன்னு ஆக்குறது?” என்றாள். “இன்னிக்கு ஒரு நாள் கேக்குதுன்னு சொல்லிட்டா என்ன கொறஞ்சுபோச்சு? உங்க மூஞ்சி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஆறு மாதம் என்று சொன்ன டாக்டர்மேலா? அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போட்ட என்மேலா? மைதானத்திலேயே நல்ல இரண்டு நாற்காலி. அதில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

சத்தம் திரும்பி வந்தது. ஜனம் கை தட்டியது. நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

“எங்கங்க?”

“வா.”

படியிறங்கி, ஆட்களை இடித்துக்கொண்டு, மேடைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தின் வாசலுக்குப் போனேன். அங்கே இருந்த காவலாளி டிக்கெட்டைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டினான். “இது சீட்டு டிக்கெட்டுண்ணே. எவ்வளவு நல்ல எடம், இத விட்டுட்டு...” “தம்பி, என்னைத் தெரியும்ல? விடு” என்றேன். என் குரலைக் கேட்டோ முகத்தைப் பார்த்தோ விட்டுவிட்டான். பாஸ் பெட்டிகளுக்கு நேர் எதிரே, இரும்புத் தடுப்பு வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அவள் விரல் போய் நின்ற அதே இடம். திரும்பிப் பார்த்தேன். மேலே பதினொன்றாம் வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது.

மழைப் பாட்டு தொடங்கியது.

அவளுடைய இரண்டு உள்ளங்கையையும் எடுத்துத் தடுப்பின்மேல் வைத்தேன். மத்தள அடி விழுந்ததும் இரும்பு அதிர்ந்தது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

“வருதுங்க” என்றாள். “கையில வருது.” பிறகு ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “இங்கயும் வருதுங்க.”

அந்தம்மாவின் முகம் பத்தடி தூரத்தில் இருந்தது. அந்த உதட்டையே பார்த்து, கையில் வந்த தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் பாட ஆரம்பித்தாள். வாய்விட்டுப் பாடினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தம் என்று தெரியவில்லை. சுருதி எங்கேயோ கிடந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “என்னடா பாக்குறீங்க? அந்தப் பக்கம் பாருங்கடா!” என்று சீறினேன். திரும்பிக்கொண்டார்கள். முழுப் பாட்டையும் நான் அவள் பக்கமே தலையைச் சாய்த்துக் கேட்டேன். மேடைப் பாட்டு ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை.

பாட்டு முடிந்தது. வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்த்தாள்.

“சேந்துச்சா?”

அவளுக்குப் படிக்க வரும்படி, மெதுவாக வாயைத் திறந்து, “சேந்துச்சு” என்றேன்.

அவள் என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பொய் சொல்லும்போது உங்க வாய் கோணுதுங்க. இத்தன வருஷமா நான் கவனிக்கவே இல்ல” என்றாள்.

நான் மறுபடியும், “சேந்துச்சு” என்றேன்.