அறுபடாத கம்பி

விமரிசனம் வந்துவிட்டது என்று ஆல்பம் வெளியிட்ட கம்பெனிக்காரர் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார். துர்காதேவிக்கு அதைத் திறக்கத் தைரியம் வரவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். தனியாளாக உட்கார்ந்து பியானோவில் ஜாஸ் வாசித்த அவளுடைய முதல் ஆல்பம் அது. ஏற்கெனவே ஒருவர், 'நடுவில் ஏதோ தடுமாற்றம்' என்று எழுதித் தொலைத்திருந்தார். இந்தச் சென்னை விமரிசகரும் அதையே சொன்னால் அடுத்த ஆல்பம் கிடையாது.

தடுமாறியது உண்மைதான். விருத்தாசலத்தில், அப்பா கலியபெருமாளின் பீங்கான் பட்டறைக் கொட்டகையில்தான் கச்சேரியாக வாசித்து ஆல்பத்தைப் பதிவு செய்வேன் என்று அடம்பிடித்தவளே அவள்தான். அந்தக் கூரைக்குக் கீழே சத்தம் சுற்றிச் சுற்றி வருவது அவளுக்கு அத்தனை பிடிக்கும். வாடகைப் பியானோ லாரியில் வேப்பூர் வழியாகக் குலுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. கூட்டம் நிறைந்து, பதிவும் ஓடிக்கொண்டிருந்தபோது எங்கோ 'டிங்' என்றது. பியானோவுக்குள் கம்பி விட்டுப்போகிறது என்று நினைத்தாள். பாதி உயிர் போய்விட்டது. நிறுத்தினால் மானம் போகும். வாசித்தால் கம்பி அறுந்து தெறிக்கும். மேல்கட்டைகள் பக்கமே போகாமல் கீழேயே ஊர்ந்தாள். ஒவ்வொரு 'டிங்'குக்கும் கையை எடுத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். முடிந்தபின் பார்த்தால் ஒரு கம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் பாப்பா பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?" என்று அப்பா டீ கொண்டுவந்து வைத்தார். அவள் பெயர் போட்ட கப்பு. சூடு ஏறியதும் அது 'டிங்' என்றது.

"அப்பா! இதே சத்தம்!"

கலியபெருமாளின் முகம் செத்துப்போயிற்று.

"ஒனக்கும் கேட்டுதா? வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு ஒம்பேரு போட்டு கப்பு செஞ்சேன். சூளை ஆறல, அவசரத்துல தொறந்துட்டேன். காத்து பட்டதும் மேல்பூச்சு டிங் டிங்குன்னு விரிசல் வுட ஆரம்பிச்சிடுச்சு. மேடைத் தெரைக்குப் பின்னால கப்புங்க மேல கோணியப் போத்தி அதும்மேலயே கவுந்து கெடந்தேன். ஒங்கச்சேரியக் கெடுத்துட்டேனேன்னு ஒரே நடுக்கம். ஒங்கிட்ட சொல்லவும் பயம்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எது வந்தாலும் வரட்டும் என்று செல்போனைத் திறந்து உரக்கப் படித்தாள்.

"'ஒவ்வொரு மௌனத்திலும் ஒரு சிறு மணியோசை. அதற்காகக் காத்திருக்கும் அந்த நிதானம்! பயம் என்பதையே அறியாத கைகள்.'"

"யாரு கைய சொல்றாரு?" என்றார் அப்பா.

அதற்குள் கம்பெனிக்காரரிடமிருந்து இன்னொரு செய்தி: அடுத்ததும் மேடையிலேயே பதிவு செய்வோம், அந்த மணியோசை கட்டாயம் வேண்டும்.

அப்பா கப்பின் விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்.

"கப்பு எத்தினி வேணாலும் சுட்டுத் தரேன் பாப்பா. அன்னிக்குப் பட்ட பயத்துக்கு எங்க போவ?"

"அது இப்பவே வந்துடுச்சுப்பா," என்றாள் துர்காதேவி.